கண்ட பின் தொடுக

சென்னையில் அடையாற்றை அடுத்த பெசன்ட் நகரில் டாக்டர் உ. வே. சாமிநாதையர் நூல்நிலையம் இருக்கின்றது. ஐயரவர்கள் 1942-ஆம் ஆண்டில் மறைந்தார்கள். அவர்கள் வாழ்நாளெல்லாம் தேடித் தொகுத்த ஏடுகளும் நூல்களும் சிதறிப் போகாவண்ணம், கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அவர்களின் முயற்சியால், மறு ஆண்டிலேயே இந்நூல்நிலையம் தோன்றிற்று. அதற்கு அணித்தே, ஆற்றின் தென்கரையில், 1886-ஆம் ஆண்டில் கர்னல் ஆல்காட் தொடங்கிய அடையாறு நூலகம் உள்ளது. மயிலாப்பூரில் வாழும் நான் இவ்விரண்டு இடங்களையும் நெடுங்காலமாக அறிவேன்.

ஏடு பார்த்துப் பழகிய பெரியவர்கள் ஒரு முறையைக் கைக்கொள்வார்கள். பழைய சுவடி ஒன்று கிடைத்தவுடன் அவர்கள் எழுத்தாணியை எடுப்பதில்லை. முதலில் கட்டினை மெல்ல அவிழ்ப்பார்கள்; ஓலையின் ஓரம் ஒடிகின்றதா என்று நோக்குவார்கள்; எழுத்து விளங்கவில்லையாயின் மையைத் தடவித் துடைப்பார்கள். அப்பொழுது கீறலுக்குள் மை தங்கி எழுத்துகள் கண்ணுக்குப் புலப்படும். அம்மை ஓலையில் ஓர் எழுத்தையும் கூட்டாது. ஓர் எழுத்தையும் குறைக்காது. உள்ளதை உள்ளவாறு காட்டும். கண்டு தெளிந்த பின்னரே படியெடுத்தலும் பிழைதிருத்தமும் நிகழும். காண்டல் முன்னும் தொடுதல் பின்னுமாக அமைந்த இவ்வொழுங்கே நம் பழைய நூல்கள் பலவற்றைக் காத்தது எனலாம்.

மாணவர்களே! இக்காலத்தில் தமிழ் நூல்கள் ஓலையில் எழுதப்படுவதில்லை, கணினியில் எழுதப்படுகின்றன. ஆயினும், மேற்கூறிய ஒழுங்கு இன்றும் வேண்டுவதே என்பது என் கருத்து. அதனை என் அனுபவம் ஒன்றைக் கொண்டு விளக்க விரும்புகின்றேன்.

கணினியில் வைக்கப்பெறும் கோப்புகளுள் மிக எளியது உரைக்கோப்பு. அதில் படம் இல்லை, வண்ணம் இல்லை, எழுத்தின் பருமை சிறுமை பற்றிய குறிப்பும் இல்லை. எழுத்துகளுக்கு உரிய எண்கள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். இன்ன எண்ணுக்கு இன்ன எழுத்து என்று வகுத்த உடன்பாடே குறியேற்றம் எனப்படும். உடன்பாடு தெரிந்தால் எண் எழுத்தாகும். தெரியாவிடின் எண் எண்ணாகவே நிற்கும்.

2001-ஆம் ஆண்டில், பள்ளியில் தமிழ் கற்பித்து வந்த நான், மூன்று உரைக்கோப்புகளை எழுதினேன். முதலாவது நன்னூல் எழுத்ததிகாரக் குறிப்பு. இரண்டாவது சொல்லதிகாரக் குறிப்பு. மூன்றாவது என் ஆசிரியர் பாடம் சொல்லுங்கால் வாய்மொழியாகக் கூறிய விளக்கங்களின் தொகுப்பு. அக்காலத்தில் தமிழுக்கு ஒரே குறியேற்றம் இருந்ததில்லை. நிறுவனத்துக்கு ஒன்றும் எழுத்துருவுக்கு ஒன்றுமாகப் பல வழங்கின. 1999-ஆம் ஆண்டில் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாடு 'டாம்', 'டாப்' என்னும் இரண்டினைப் பரிந்துரைத்தது. உலகெங்கும் உள்ள தமிழன்பர்கள் கூடி வகுத்த 'டிஸ்கி' என்பதும் பெருவழக்காக இருந்தது. 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தார் தம் தமிழ் நூல்கள் பலவற்றை முதலில் டிஸ்கியிலேயே வெளியிட்டார்கள். நானும் என் குறிப்புகளை அதிலேயே எழுதினேன்.

பின்னர்க் காலம் மாறிற்று. ஒருங்குறி என்னும் உலகப் பொது முறை பரவியது. தமிழ்நாட்டரசும் 2010-ஆம் ஆண்டில் அதனை ஏற்றது. என் கோப்புகளோ ஒரு சிறு சேமிப்புக் கோலில் உறங்கிக் கிடந்தன. 2019-ஆம் ஆண்டில் அவற்றை அச்சிட எண்ணித் தியாகராயநகரில் ஒரு கடைக்கு எடுத்துச் சென்றேன். அங்கிருந்த இளைஞர் மூன்று கோப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்தார். திரையில் தமிழ் இல்லை. வினாக்குறி பொதிந்த சிறு சாய்சதுரங்களே வரிவரியாக நிறைந்திருந்தன. "கோப்பு கெட்டுவிட்டது, ஐயா" என்றார் அவர். மூடும்பொழுது, "மாற்றங்களைச் சேமிக்கவா?" என்று கணினி வினவியது. அவர் 'ஆம்' என்று அழுத்தினார். அவர்மேல் எனக்குச் சினம் இல்லை. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் அச்சிறு சொல்லின் பொருள் அன்று தெரியவில்லை.

சில நாட்களுக்குப் பின், என்னிடம் முன்னாளில் பயின்று இப்பொழுது அடையாற்றில் வாழும் பொறியாளர் ஒருவரிடம் அச்சேமிப்புக் கோலைக் கொடுத்தேன். முதல் இரண்டு கோப்புகளின் படி, நான் முன்னர் அளித்த குறுந்தகட்டில், அவரிடம் இருந்தது. அவர் அதனையும் எடுத்து வந்தார். நான் ஆவலோடு, "திறந்து பார்" என்றேன். அவர், "ஐயா, இப்பொழுது திறக்க வேண்டா, தொடாமல் பார்ப்போம்" என்றார்.

அவர் கணினியில் யூனிக்ஸ் மரபைச் சார்ந்த லினக்ஸ் இயங்குதளம் இருந்தது. கருந்திரை ஒன்றில் சில எழுத்துகளைத் தட்டினார். குறுந்தகட்டில் இருந்த முதற்கோப்பு திரையில் ஓடியது. அங்கும் அதே சாய்சதுரங்கள்! என் நெஞ்சம் தளர்ந்தது. அவர் தளரவில்லை. கோப்பில் உள்ள எண்களையே காட்டும் வேறொரு கட்டளையை இட்டார். எண்கள் பலவாறாக மாறி மாறி வந்தன. "எண்கள் வேறு வேறாக உள்ளன. ஆகவே எழுத்துகள் உயிரோடு இருக்கின்றன. நம் திரைக்குத்தான் உடன்பாடு தெரியவில்லை" என்றார். பின்னர், டிஸ்கியை ஒருங்குறியாக மாற்றிக் காட்டும் 'ஐகான்வ்' என்னும் கட்டளையை இட்டார். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய குறிப்பு, ஒரு புள்ளியும் குறையாமல், திரையில் தோன்றியது. மூலக்கோப்பிலோ ஓர் எண்ணும் மாறவில்லை. ஓலையின்மேல் மை தடவியது போன்ற செயல் அது.

அடுத்து, கடையில் சேமிக்கப்பெற்ற மூன்றாவது கோப்பினைப் பார்த்தோம். திரையில் அதே சாய்சதுரங்கள். கண்ணுக்கு இரண்டு கோப்புகளும் ஒன்றே. ஆனால், எண்களை நோக்கியபொழுது 239, 191, 189 என்னும் மூன்றே மீண்டும் மீண்டும் நின்றன. கடையில் இருந்த மென்பொருள், தனக்கு விளங்காத ஒவ்வோர் எண்ணையும் நீக்கி, 'இது விளங்கவில்லை' என்பதற்குரிய ஒரே குறியை அங்கு வைத்துவிட்டது. அந்நிலையிலேயே கோப்பு சேமிக்கப்பெற்றது. எந்தக் குறி எந்த எழுத்தாக இருந்தது என்பதை இனி எவராலும் அறிய இயலாது. சொற்களுக்கு இடையே நான் விட்ட இடைவெளிகளும், வரியிறுதியில் இட்ட முற்றுப்புள்ளிகளும் மட்டும் பிழைத்திருந்தன. அவை டிஸ்கிக்கும் ஒருங்குறிக்கும் பொதுவான எண்களைப் பெற்றவை. என் ஆசிரியர் மறைந்து பல்லாண்டுகள் ஆயின. அவ்விளக்கங்கள் வேறு எங்கும் எழுதப்பெறவில்லை.

கறையான் அரித்த ஏட்டில் எஞ்சிய சொற்களாவது கிடைக்கும். இங்கே எஞ்சியவை சொற்களின் இடைவெளிகள். கறையானுக்கு ஆண்டுகள் வேண்டும். இதற்கு ஒரு நொடி போதுமாயிற்று. உரைக்கோப்பினைத் தொடாமற் காணும் முறையை ஒவ்வொரு மாணவரும் கற்றல் வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனாலேயே.

அம்முறை அரிதன்று. யூனிக்ஸ் என்பது 1969-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி என்பவர்களால் தொடங்கப்பெற்ற இயங்குதளம். 1971-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் வெளியான அதன் முதற் கையேட்டிலேயே 'கேட்' என்னும் கட்டளை இடம்பெற்றுள்ளது. ஆங்கிலத்தில் பூனையைக் குறிக்கும் சொல் என்று இதனைக் கருதற்க. தொடுத்தல் என்னும் பொருள்தரும் நெடிய ஆங்கிலச் சொல் ஒன்றின் நடுப்பகுதி இது. 'கேட்' என்று தட்டி, ஓர் இடம் விட்டு, கோப்பின் பெயரை எழுதினால், அக்கோப்பு முழுவதும் திரையில் தோன்றும். பல கோப்புகளின் பெயர்களை அடுத்தடுத்து எழுதினால், அவை தொடுக்கப்பெற்று ஒன்றாய் வரும்.

திருக்குறளை எடுத்துக்கொள்வோம். அறத்துப்பாலின் 380 குறட்பாக்களும், பொருட்பாலின் 700-உம், இன்பத்துப்பாலின் 250-உம் மூன்று தனிக்கோப்புகளாக இருக்கின்றன என்று கொள்க. 'கேட்' கட்டளைக்குப் பின் மூன்றன் பெயர்களையும் முறைப்படி எழுதினால், 1330 குறட்பாக்களும் ஒரு நூலாகத் திரையில் வரும். தலைப்பும் வெற்றுவரியும் இன்றி, குறளுக்கு இரண்டு வரியாக எழுதியிருப்பின் அவை 2660 வரிகள். அத்தனையும் கண்ணிமைப்பில் ஓடி மறையும். இறுதி வரிகளே திரையில் தங்கும். ஆதலின் 'கேட்' சிறிய கோப்புகளுக்கே ஏற்றது.

பெரிய கோப்பினைப் பக்கம் பக்கமாகப் படித்தற்கு 1978-ஆம் ஆண்டில் 'மோர்' என்னும் கட்டளை தோன்றியது. நாம் கோடையில் அருந்தும் மோர் அன்று. 'இன்னும்' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல் அது. பழைய 'மோர்' முன்னோக்கியே செல்லும். அக்குறையைப் போக்க, மார்க் நூடல்மன் என்பவர் 1983-ஆம் ஆண்டளவில் 'லெஸ்' என்னும் கட்டளையை இயற்றத் தொடங்கினார். இதில் இடைவெளி விசையைத் தட்டினால் அடுத்த பக்கம் வரும். 'பி' என்னும் ஆங்கில எழுத்தைத் தட்டினால் முந்தைய பக்கம் வரும். 'கியூ' என்பதைத் தட்டினால் கோப்பு மூடப்படும். மூடும்பொழுது, 'சேமிக்கவா?' என்னும் வினா எழாது. காட்டுவதே அதன் தொழில். எழுதுவது அதன் தொழிலன்று.

தொடக்கத்தை மட்டும் காண 'ஹெட்' என்பதும், இறுதியை மட்டும் காண 'டெயில்' என்பதும் உள்ளன. எண் குறிப்பிடாவிட்டால் இவை பத்து வரிகளைக் காட்டும். இருபது என்று குறிப்பிட்டால், முன் சொன்ன திருக்குறள் நூலின் முதல் அதிகாரமாகிய கடவுள் வாழ்த்தினை 'ஹெட்' காட்டும். இறுதி அதிகாரமாகிய ஊடலுவகையினை 'டெயில்' காட்டும். ஒரு சொல் வரும் வரிகளை மட்டும் எடுத்துக் காட்ட 'கிரெப்' என்னும் கட்டளை உண்டு. 'அன்பு' என்னும் சொல் எங்கெங்கே வருகின்றது என்று நாள் முழுதும் ஏடு புரட்டிய காலம் இருந்தது. இன்று அதற்கு ஒரு வரி போதும்.

இனித் தமிழ் மாணவர் சிந்தித்தற்குரிய செய்தி ஒன்று உளது. 'தமிழ்' என்னும் சொல்லுக்கு எத்தனை எழுத்து? த, மி, ழ் என மூன்று என்பீர்கள். அதுவே இலக்கணம். அச்சொல்லை மட்டும் ஒருங்குறியில் ஒரு கோப்பில் எழுதி, வரியிறுதிக் குறியும் இல்லாமல் வைத்து, எண்ணிக் காட்டும் கட்டளையை இட்டால், குறிகள் ஐந்து என்று கூறும். தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என்பன அவை. கோப்பின் அளவை வினவினால், பதினைந்து பைட்டு என்று கூறும். ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள் வேண்டும். இவ்வாறு குறிகளைப் பைட்டுகளாக எழுதும் முறையை 1992-ஆம் ஆண்டில் வகுத்தவர்கள் ராப் பைக் என்பவரும், யூனிக்ஸைத் தொடங்கிய அதே கென் தாம்சனும் ஆவர். மூன்று, ஐந்து, பதினைந்து ஆகிய மூன்று விடைகளும் உண்மையே. எதனை எண்ணுகின்றோம் என்று அறிந்தவனுக்கு மயக்கம் இல்லை. அறியாதவனோ, தன் கணினி தவறாக எண்ணுகின்றது என்று நல்ல கோப்பினைத் திருத்தப் புகுவான்.

'கெ' என்னும் எழுத்தை நோக்குக. எழுதும்பொழுது கொம்பு முன்னும் ககரம் பின்னும் நிற்கின்றன. டிஸ்கி அவ்வாறே கண்ணால் கண்ட வரிசையில் எண்களை வைத்தது. ஒருங்குறியோ ககரத்தை முன்னும் எகரக் குறியைப் பின்னும் வைக்கின்றது. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்னும் நம் இலக்கண நூலார் கொள்கைக்கு இவ்வரிசையே ஒத்துளது. கோப்பின் எண்களைக் காணும் பழக்கம் உடையவனுக்கு இந்நயம் தானே விளங்கும்.

இவ்வளவும் கூறியபின், சிலர் ஒரு தடை எழுப்பக்கூடும். 'அழகிய சாளரங்களும் படங்களும் நிறைந்த மென்பொருள்கள் இருக்க, கருந்திரையில் ஆங்கிலச் சொற்களைத் தட்டுவானேன்? அது பின்னோக்கிச் செல்வதன்றோ?' என்பர். எழுதுவதற்கும் அணிசெய்து அச்சிடுவதற்கும் அம்மென்பொருள்கள் ஏற்றவையே. நானும் இக்கட்டுரையை அவற்றுள் ஒன்றிலேயே எழுதினேன். அவற்றுள்ளும் படிப்பதற்கு மட்டும் திறக்கும் வழி உண்டு. ஆனால், அவ்வழியை நாம் நினைந்து தேர்ந்தெடுத்தல் வேண்டும். 'லெஸ்' போன்ற கட்டளையிலோ அதுவே இயல்பு. அயர்ந்திருக்கும் நேரத்தும் தீங்கு நேராத முறையே நல்ல முறை. கட்டளைச் சொற்கள் ஆங்கிலமாக இருப்பதும் பெருந்தடை அன்று. ஐந்தாறு சிறு சொற்களே அவை.

மற்றொரு தடையில் உண்மை உண்டு. கருந்திரை தமிழை எப்பொழுதும் செம்மையாகக் காட்டுவதில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அகலமுள்ள கட்டம் என்னும் ஆங்கில முறைப்படி அது அமைந்தமையால், கொம்பும் காலும் சில வேளைகளில் விலகி நிற்கும். புள்ளி இடம் மாறித் தோன்றும். அப்பொழுதும் கோப்பில் பிழை இல்லை; காட்சியிலேயே பிழை. காட்சியிலும் ஐயக்காட்சி, திரிபுக்காட்சி என்பன உண்டு என்று நம் அளவை நூலார் கூறியுள்ளனர். அவர்கள் காட்டிய வழி, கண்ட உடனே முடிவு செய்யாது, மேலும் ஆராய்ந்து தெளிதல். நமக்கும் அதுவே வழி. பழைய ஓலையில் புள்ளி இராது. எகரமும் ஏகாரமும் ஒரே வடிவாய் நிற்கும். அதனைக் கண்ட அறிஞர் ஓலை கெட்டது என்று எறிந்துவிடவில்லை. பொருளும் யாப்பும் நோக்கி எழுத்தைத் துணிந்தனர். கோப்பினையும் அவ்வாறே ஆராய்தல் நம் கடன்.

ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். கருந்திரையிலும் அழிவுக்கு வழி உண்டு. 'கேட்' என்னும் சொல்லுக்கும் கோப்பின் பெயருக்கும் இடையே வலப்பக்கம் நோக்கிய அம்புக்குறி ஒன்றை இட்டுவிட்டால், அக்கோப்பில் இருந்தவை அனைத்தும் அக்கணமே அழியும். புதிதாக எழுத இடம் வெறுமையாகும். ஒரு சிறு குறியால் காண்டல் அழித்தலாக மாறுகின்றது. ஒற்று மிகுவதாலும் மிகாமையாலும் பொருள் வேறுபடும் என்று தமிழ் வகுப்பில் கற்கும் உங்களுக்கு, சிறு குறியின் வலிமையை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மாணவர்களே! உங்கள் வீட்டிலும் பழைய குறுந்தகடுகளும் சேமிப்புக் கோல்களும் இருக்கலாம். அவற்றில் உங்கள் பாட்டனாரின் கடிதமோ, உங்கள் ஊர்க் கோயிலின் வரலாறோ, ஓர் ஆசிரியரின் பாடக்குறிப்போ பழைய குறியேற்றத்தில் இருக்கலாம். திரையில் புரியாத குறிகளைக் கண்டால், கெட்டுவிட்டது என்று துணியாதீர்கள். முதலில் ஒரு படியெடுத்து வையுங்கள். பின்னர், தொடாமல் காட்டும் கட்டளையால் பாருங்கள். எழுத்து விளங்காவிடின் எண்களைப் பாருங்கள். எண்கள் வேறு வேறாக இருப்பின் நம்பிக்கை கொள்ளுங்கள், வழியறிந்தவரை நாடுங்கள். எது செய்யினும், 'சேமிக்கவா?' என்னும் வினாவுக்கு எண்ணாமல் விடையளியாதீர்கள்.

என் முதல் இரண்டு கோப்புகளும் இப்பொழுது ஒருங்குறியில் உள்ளன. அவற்றின் படிகள் மூன்று இடங்களில் இருக்கின்றன. மூன்றாவது கோப்பினையும் நான் நீக்கிவிடவில்லை. நினைவில் நின்ற விளக்கங்களை ஒவ்வொன்றாக மீண்டும் எழுதி வருகின்றேன். பாதியளவு தேறும் என்று எண்ணுகின்றேன். எஞ்சிய பாதி எனக்கு ஒரு பாடமாயிற்று. அப்பாடத்தை நீங்கள் இழப்பின்றியே கற்றுக்கொள்ளுங்கள்.